பரமின்: மலைச்சரிவு காத்து வைத்த ஊர்

கரீபியன் தீவான டிரினிடாடின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருந்து வடக்கே மரவால் பள்ளத்தாக்குக்குள் போகிற சாலை கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போகும். இரண்டு பக்கமும் வீடுகள், கடைகள், வசதியானவர்களின் மதில் சுவர்கள். அப்புறம் ஓர் இடத்தில் ஜீப்புகள் நிற்கும், நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேர்ந்ததும் கிளம்பும். அதற்கு மேலே பரமின். பழக்கமில்லாதவர்கள் அந்த ஏற்றத்தைப் பார்த்ததும் தங்கள் காரை விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொள்வது நல்லது, ஏனென்றால் சில வளைவுகளில் முன்கண்ணாடி வழியே சாலை தெரியாது, வானம்தான் தெரியும். முதல் கியரில் முக்கிக்கொண்டு ஜீப் ஏற ஏற, ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே மூக்குக்கு வந்து சேர்ந்துவிடும்: வெங்காயத்தாள், தைம் தழை, ஈர மண்.

பரமினைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக நான்கைந்து விஷயங்களைத் தனித்தனியாகச் சொல்வார்கள். சமையல் தழைகள் அங்கிருந்துதான் வருகின்றன, பாத்வா மொழி பேசும் பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் வந்தால் ஸ்பானிஷ் பாட்டு, கார்னிவல் திருவிழா வந்தால் நீலப் பேய்கள். எனக்கு இவையெல்லாம் ஒரே கதையாகத்தான் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தச் சரிவு. நகரத்தில் இருந்து பத்து கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது ஊர். இன்னும் தொலைவில் இருந்திருந்தால் விளைந்ததை விற்க வழியில்லாமல் ஆட்கள் என்றோ காலி செய்திருப்பார்கள், தரை சமமாக இருந்திருந்தால் நகரம் விழுங்கியிருக்கும். பக்கத்தில் இருந்தும் ஏறக் கஷ்டமாக இருந்ததுதான் அந்த ஊரின் அதிர்ஷ்டம், அதுவேதான் அந்த ஊர்க்காரர்களின் முதுகை ஒடித்ததும்.

முதலில் மலை. டிரினிடாடின் வடக்கு விளிம்பில் மேற்கு கிழக்காக ஓடும் வடக்கு மலைத்தொடர், எதிர்க்கரையில் வெனிசுவேலாவின் பரியா தீபகற்பத்தில் ஓடும் மலைகளின் தொடர்ச்சி. கரீபியனின் மற்றப் பல தீவுகள் எரிமலையில் பிறந்தவை. டிரினிடாட் அப்படி இல்லை, தென் அமெரிக்கக் கண்டத்தோடு ஒட்டியிருந்து, கடைசிப் பனியுகம் முடிந்து கடல் மட்டம் ஏறியபோது பிரிந்துபோன துண்டு. அதனால்தான் சின்னத் தீவாக இருந்தும் அதன் காட்டில் கண்டத்தின் பறவைகளும் விலங்குகளும் இருக்கின்றன. தொடரின் உச்சியான செரோ டெல் அரிப்போ 940 மீட்டர். கேட்க உயரம் குறைவாகத் தோன்றும். ஆனால் கடலில் இருந்து நேராக எழுந்து நிற்கும் மலை என்பதால் சரிவு கடுமை. பாறையும் தகடு தகடாக உரியும் வகை, சிஸ்ட் என்பார்கள், மழை இறங்கினால் மேல் மண்ணைப் பிடித்து வைக்கத் தெரியாத பாறை. ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அப்போது மண் சரியும். ஜனவரி முதல் மே வரை வறட்சி, அப்போது காட்டுத்தீ. ஊருக்கு மேலே லா விஜி என்று ஒரு முகடு இருக்கிறது, காவல் மேடு என்று அர்த்தம். அங்கே நின்றால் வடக்கே கரீபியன் கடல், தெற்கே திரும்பினால் பரியா வளைகுடா, வானம் தெளிவாக இருந்தால் வெனிசுவேலாவின் மலைகள் நீலமாக.

சரி, இப்படிப்பட்ட இடத்துக்கு யார் ஏறி வந்தார்கள், ஏன் வந்தார்கள்? அதற்கு 1783-க்குப் போக வேண்டும். அப்போது டிரினிடாட் ஸ்பெயினின் கையில் இருந்தது, ஆனால் ஆளே இல்லாத தீவு, பூர்வகுடிகளையும் சேர்த்து மூவாயிரம் பேர்கூடக் கிடையாது. கத்தோலிக்கராக இருந்து, ஸ்பெயின் அரசருக்கு விசுவாசம் சொல்லி, வந்து குடியேறுகிறவர்களுக்கு இலவச நிலம் என்று அந்த ஆண்டு ஓர் அரசாணை போட்டார்கள். கூட்டி வருகிற ஒவ்வோர் அடிமைக்கும் கூடுதல் நிலம், அதாவது மனிதரைச் சங்கிலியில் எத்தனை கொண்டுவருகிறீர்களோ அத்தனை ஏக்கர் கூடும். கிரெனடா, மார்த்தினிக் போன்ற தீவுகளில் இருந்து பிரெஞ்சுக்காரர்கள் வந்து குவிந்தார்கள். 1797-இல் தீவின் மக்கள்தொகை பதினேழாயிரத்தைத் தாண்டியது, அதில் சுமார் பத்தாயிரம் பேர் அடிமைகள். அதே ஆண்டு பிரிட்டன் பெரிய சண்டை இல்லாமல் தீவைப் பிடித்துக்கொண்டது. ஆக, ஸ்பானிஷ் சட்டம், ஆங்கிலேய ஆட்சி, தெருவிலோ பிரெஞ்சில் இருந்து பிறந்த கிரியோல் என்னும் கலப்புப் பேச்சு, அதாவது பாத்வா. மரவால் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தின் பெயரே ஷான்ஸ் எலிஸே, பாரிஸின் பெரிய சாலைக்கும் அதே பெயர்தான்.

1834 ஆகஸ்ட் 1 அன்று பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. ஆனால் அதில் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள்: வயல் வேலை செய்கிறவர்கள் இன்னும் ஆறு ஆண்டுகள் அதே முதலாளியிடம் 'பயிற்சி பெறுபவர்' என்ற பெயரில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஆளுநர் மாளிகை முன்னால் கூட்டம் கூடியது, வயதானவர்களும் பெண்களும்தான் நிறைய. ஆளுநர் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க, கூட்டம் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியத்தைக் கத்தியது: "பா தெ சிஸான், புவான் தெ சிஸான்". ஆறு வருஷம் கிடையாது, கிடையவே கிடையாது. பல நாள் ஓயாமல் இதே குரல், அடி வாங்கியும் கலையவில்லை. பயிற்சிக்காலம் ஆறு ஆண்டு ஓடவில்லை, 1838 ஆகஸ்ட் 1-லேயே எல்லாருக்கும் முழு விடுதலை வந்தது. இந்தக் காட்சி எனக்கு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், விடுதலை பெற்றவர்கள் தங்கள் உரிமையைக் கேட்ட மொழி எது என்பதை அது சொல்கிறது. அந்த மொழியைப் பேசினவர்கள்தான் அப்புறம் மலை ஏறினார்கள்.

கரும்பு வளர்க்கச் சமவெளி வேண்டும். சரிவில் கரும்பு முதலாளிக்கு வேலை இல்லை. பழைய எஜமானின் குடிசையிலேயே, அவர் கொடுக்கும் கூலிக்கே கிடக்க விரும்பாதவர்களுக்கு அந்த யாருக்கும் வேண்டாத சரிவே வழியாக இருந்தது. ஒரு கத்தியும் மண்வெட்டியும் இருந்தால் போதும், ஒரு துண்டு நிலத்தைத் திருத்தி மரவள்ளியும் வாழையும் வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் ஆள் நிற்கவில்லை என்று முதலாளிகள் புலம்பிய புலம்பல்தான் லண்டன் வரை போய், 1845 மே 30 அன்று ஃபத்தேல் ரசாக் கப்பல் 200-க்கும் மேற்பட்ட இந்தியக் கூலிகளோடு டிரினிடாடில் வந்து நிற்பதில் முடிந்தது. 1917 வரை சுமார் 1,44,000 பேர் அப்படி வந்தார்கள். பெரும்பாலும் கல்கத்தா வழியாக, தொடக்கக் காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் கப்பல்கள் போயின, அதில் தமிழர்களும் இருந்தார்கள். மலைக்கு மேலே போனவர்களின் கதையும் கடல் தாண்டி வந்த நம்மவர்களின் கதையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். ஒருவர் விட்டுவிட்டுப் போன வேலைக்கு இன்னொருவரை ஏற்றி வந்தார்கள்.

சரிவுக்கு அடுத்து வந்த பயிர் கோகோ. கோகோ நிழலில் வளரும், சரிவு அதற்கு ஒரு தடை இல்லை. 1870 வாக்கில் இருந்து ஐம்பது ஆண்டுகள் டிரினிடாடில் கோகோவுக்குப் பொற்காலம். உலகத்தில் இன்று உயர்ரக சாக்லேட்டுக்குப் போகும் டிரினிட்டாரியோ என்ற வகையே இந்தத் தீவின் பெயரில்தான் இருக்கிறது. கிரியோலோ என்ற பழைய வகை கோகோ மரங்கள் 1727-இல் பெரும்பாலும் அழிந்துபோக, பின்னால் கொண்டுவந்த ஃபொராஸ்டெரோ என்ற வகையோடு மிச்சம் இருந்தவை கலந்து பிறந்த வகை அது. காட்டைத் திருத்திக் கோகோ வைக்க வெனிசுவேலாவில் இருந்து ஆட்கள் வந்தார்கள், ஸ்பானிய, பூர்வகுடி, ஆப்பிரிக்க ரத்தம் கலந்தவர்கள். எஸ்பான்யோல் என்ற சொல் தேய்ந்து 'கோகோ பான்யோல்' என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. கோகோவுக்கு நிழல் தர அவர்கள் வைத்த மரம் இம்மார்ட்டெல். நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய சொந்தம், அதே பேரினம். வறட்சிக் காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து மரம் முழுக்கச் செம்மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது, கீழே இருந்து பார்த்தால் மலையில் அங்கங்கே நெருப்பு வைத்த மாதிரி இருக்கும். இன்றைக்கு அந்தப் பூ தெரிகிற இடமெல்லாம் ஒரு காலத்தில் கோகோ இருந்த இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

1920-களில் விலை விழுந்தது, 1928-இல் விளக்குமாறு நோய் வந்தது. கிளை நுனிகள் காய்ந்த விளக்குமாறு போலக் கொத்துக் கொத்தாக முளைத்து மரம் காய்க்காமல் போகும் நோய். கோகோவை நம்பியிருந்த மலைக் குடும்பங்கள் வேறு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பரமின் பிடித்துக்கொண்டது தழைகளை.

டிரினிடாடில் எந்த வீட்டுச் சமையலும் பச்சை மசாலா இல்லாமல் தொடங்காது. மீனோ கோழியோ, முதலில் தழைகளை அரைத்த விழுதில் ஊற வைப்பார்கள். அதில் வெங்காயத்தாள் போன்ற 'சிவ்', தைம், பார்ஸ்லி, பூண்டு, காரமில்லாத வாசனை மிளகாய், கூடவே ஷாடோ பெனி. இந்த ஷாடோ பெனி ரம்பம் போல் ஓரம் கொண்ட நீளமான இலை, கசக்கினால் கொத்தமல்லி வாசனை இரண்டு மடங்காக வரும். தீவின் இந்திய வம்சாவளியினர் இதை பந்தானியா என்கிறார்கள், காட்டுக் கொத்தமல்லி என்று போஜ்புரியில் இருந்து வந்த பெயர். தீவில் ஸ்பானிஷ் தைம் என்று சொல்லும் இன்னொரு தழை வேறொன்றும் இல்லை, நம் வீட்டுத் தொட்டியில் சளிக்கு வைத்திருக்கும் கற்பூரவல்லியேதான். நாம் கஷாயத்துக்குக் கிள்ளுவதை அவர்கள் கறிக்குக் கிள்ளுகிறார்கள்.

இந்தத் தழைகளை விளைவிக்கும் நிலத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பாத்திகள் மலைக்குக் குறுக்கே ஓடுகின்றன, சில இடங்களில் சரிவு அவ்வளவு செங்குத்து, ஒருவர் நின்ற வாக்கிலேயே, குனியாமல், தன் நெஞ்சுக்கு எதிரே இருக்கும் பாத்தியில் களை எடுக்கலாம். டிராக்டர் நுழையாது. உரமூட்டை தோளில் ஏறும், தண்ணீர் தொட்டியில் இருந்தும் ஊற்றில் இருந்தும் குழாய் வழியே வரும். அறுத்த சிவ்வை வேர் கழுவி, பழுத்த தாளை உரித்து, தைம் தழையோடு சேர்த்துப் பிடிப்பிடியாகக் கட்டுவது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து செய்யும் வேலை, குழந்தைகள் உட்பட. ஒரு கையளவு கட்டு. அது ஜீப்பில் இறங்கிச் சந்தைக்குப் போகும்போது அதன் விலையில் அந்தச் சரிவு எங்கேயும் தெரியாது.

பேச்சுக்கு வருவோம். பாத்வா என்று ஊரில் சொல்வது பிரெஞ்சு சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளின் நடையும் சேர்ந்து உருவான கிரியோல். அதை உடைந்த பிரெஞ்சு என்று நினைப்பது பெரிய தப்பு. பிரெஞ்சில் 'நான்', 'நாம்' என்பதற்கு ஏற்ப வினைச்சொல் உருமாறிக்கொண்டே இருக்கும். பாத்வாவில் வினை அசையாது, முன்னால் ஒரு சின்னச் சொல் வேலை பார்க்கும்: 'ம்வென் கா பாலே' என்றால் நான் பேசுகிறேன், 'நு கா பாலே' என்றால் நாம் பேசுகிறோம். தெருவில் பார்த்தால் 'ஸா கா ஃபெத்?', என்ன நடக்குது என்று கேட்பார்கள், 'ம்வென் லா' என்று பதில் வரும், இருக்கேன் என்று நாம் சொல்வதைப் போலவே. 1869-லேயே ஜான் ஜேக்கப் தாமஸ் என்ற கறுப்பினப் பள்ளி ஆசிரியர் இந்த மொழிக்கு முழு இலக்கண நூல் எழுதி, இதற்கு விதிகள் உண்டு என்று காட்டிவிட்டார். ஆனால் அரசாங்கத்தின் காற்று வேறு பக்கம் வீசியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருந்து பள்ளிக்கூடம், நீதிமன்றம், உத்தியோகம் எல்லாம் ஆங்கிலம். பாத்வா பேசினால் படிக்காதவன் என்று பெயர். பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் புரியக் கூடாத விஷயத்தை மட்டும் அதில் பேசிக்கொண்டார்கள், ஒரு மொழி அடுத்த தலைமுறைக்குக் கைமாறாமல் போக இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நகரத்தில் அது அடங்கிப்போன பிறகும் பரமினில் வயதானவர்களின் வாயில் இருந்தது. கீழே போய்வர நாள் பிடித்த காலத்தில், நாள் முழுக்கப் பேச ஆள் பக்கத்து வீட்டில்தானே இருந்தார்கள். இப்போது ஆண்டுக்கொரு முறை ஊரில் பாத்வாவிலேயே திருப்பலி நடக்கிறது, பல்கலைக்கழகத்தில் பாடமும் உண்டு. செத்துவிட்டது என்று சொல்லப்படும் மொழி ஆங்கிலத்துக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது: வெயில் கொளுத்தினால் டிரினிடாட்காரர் 'இட் மேக்கிங் ஹாட்' என்பார். சொல் ஆங்கிலம், வாக்கியம் பாத்வா.

ஊர்க் கோயில் குவாதலூப் மாதா கோயில், மெக்சிகோவின் மாதா. பிரெஞ்சு வழிப் பேச்சு உள்ள ஊரில் ஸ்பானிஷ் உலகத்தின் மாதா இருப்பது முதலில் புதிராக இருக்கும், கோகோ பான்யோல்களை நினைத்துக்கொண்டால் தெளிந்துவிடும். அவர்கள் விட்டுப்போன இன்னொரு சொத்து பராங். அக்டோபர் வாக்கில் தொடங்கி ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை, நான்கு தந்தி கிதார் போன்ற குவாத்ரோவும் கிலுகிலுப்பை போன்ற மராக்காவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவது. இதற்கு ஒரு முறை உண்டு. வாசல் மூடியிருக்கும்போதே பாட்டு தொடங்க வேண்டும், உள்ளே வர அனுமதி கேட்கும் பாட்டு. கதவு திறந்ததும் தேவதூதர் மரியாளிடம் வந்தது, குழந்தை பிறந்தது என்று கதைப் பாட்டுகள். சாப்பாடு வரும்: சோளமாவுக்குள் கறி வைத்து, வாழையிலையில் மடித்து அவித்த பஸ்தெல். கிளம்பும்போது விடைபெறும் பாட்டு பாடாமல் போகக் கூடாது. பாடுகிறவர்களில் பலருக்கு ஸ்பானிஷ் பேச வராது, பாட்டு மட்டும் காதுவழியே தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. அர்த்தம் தெரியாமல் பாடுவதா என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை, எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பது அவர்களுக்கு அட்சரசுத்தமாகத் தெரிகிறது.

அப்புறம் நீலப் பேய்கள். கார்னிவல் திங்கட்கிழமை மாலை, ஃபாத்திமா சந்திப்பு. முதலில் பிஸ்கட் தகரத்தைக் குச்சியால் அடிக்கும் சத்தம் மட்டும் வரும், இடைவிடாத ஒரே தாளம். பிறகு சரிவில் இருந்து உடம்பெல்லாம் நீலம் பூசியவர்கள் இறங்குவார்கள், சிலருக்கு இறக்கை, சிலருக்குக் கொம்பு, கையில் முள்கரண்டி போன்ற ஈட்டி, வாயில் இருந்து ரத்தம் போலச் சிவப்புச் சாயம் ஒழுகும். மண்ணெண்ணெயை வாயில் வைத்து ஊதி நெருப்புக் கக்குவார்கள். காசு கொடுக்கிற வரை முன்னால் நின்று முகத்தோடு முகம் வைத்து அலறுவார்கள், கொடுக்காதவர் மேல் நீலம் ஒட்டாமல் போகாது. குழந்தைப் பேய்களும் உண்டு, பெண் பேய்களும் உண்டு. அந்த நீலம் எது தெரியுமா, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம். நம் வீடுகளில் சொட்டு நீலம் வந்ததற்கு முன்னால் கட்டியாக, பொடியாக விற்றதே, அதே சரக்கு. மலிவு, உடம்பில் நன்றாக ஒட்டும். கரீபியனில் அதே நீலத்தைக் குழந்தைகளுக்குத் திருஷ்டி படாமல் இருக்கவும் பயன்படுத்துவார்கள், திருஷ்டிக்கு அங்கே 'மால்ஜோ' என்று பெயர், கெட்ட கண். பேயை விரட்டும் பொருளையே பூசிக்கொண்டு பேயாக வருகிறார்கள்.

இந்தப் பேய் ஜாப் மொலாசி என்ற பழைய வேடத்தின் பரமின் கிளை. ஜாப் என்றால் பேய், மொலாசி என்றால் வெல்லப்பாகு. கொதிக்கும் பாகுக் கொப்பரையில் விழுந்து செத்த அடிமையின் ஆவி அது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நடந்ததோ இல்லையோ, சர்க்கரை ஆலையின் பாகை உடம்பில் பூசிக்கொண்டு, சங்கிலியை இழுத்துக்கொண்டு, எஜமானின் வாரிசுகள் நிற்கும் தெருவில் வந்து 'காசைக் கொடு' என்று நிற்பதற்கு விளக்கம் தேவையில்லை. விடுதலைக்குப் பிறகு கார்னிவல் இவர்கள் கைக்கு வந்தது, அதை அடக்க ஆட்சி பலமுறை முயன்றது, 1881-இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போலீஸோடு பெரிய மோதலே நடந்தது. நகரத்துக் கார்னிவல் இன்று இறகும் மணியும் கோத்த உடைகளால் நிறைந்திருக்கிறது. மேலே மலையில் இன்னும் கடன் வசூலிக்க வருகிறார்கள்.

காட்டிலும் ஒரு பேய் உண்டு. வடக்கு மலைத்தொடரின் குகைகளிலும் கடலோரப் பொந்துகளிலும் கூடு வைக்கும் எண்ணெய்ப் பறவையை ஊரில் 'ஜாப்லொத்தென்' என்பார்கள், குட்டிப் பேய். பகலெல்லாம் இருட்டுக் குகையில் கிடந்து, இரவில் பழம் தேடப் பறக்கும். குகைக்குள் வாயால் கிளிக் கிளிக் என்று ஒலி எழுப்பி அதன் எதிரொலியில் வழி பார்க்கும், யாராவது நுழைந்தால் ஆயிரம் துணி கிழிவது போலக் கத்தும். அதன் குஞ்சு தாயைவிடக் கொழுத்திருக்கும், அந்தக் கொழுப்பை உருக்கி விளக்கெரித்த காலம் உண்டு. பனை போன்ற மரங்களின் பழத்தை விழுங்கிக் கொட்டையைத் தூரத்தில் கக்குவதால் காட்டை நடுகிற வேலையும் அதனுடையதுதான்.

இன்று பரமினில் மாறுவது எது என்று கேட்டால், சாலை நன்றாகிவிட்டது, பிள்ளைகள் கீழே வேலைக்குப் போகிறார்கள், உர விலை ஏறுகிறது, மழை சேர்த்து வைத்துக் கொட்டுகிறது. வெட்டிய சாலையின் மேல்கரை ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இதற்குக் கடந்த பத்தாண்டுகளில் ஒரு தன்னார்வ அமைப்பும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கையில் எடுத்தது ஒரு புல். அதன் வேர் பக்கவாட்டில் பரவாது, இரண்டு மூன்று மீட்டர் நேராகக் கீழே இறங்கும், சரிவுக்குக் குறுக்கே நெருக்கமாக நட்டால் வேலி போல நின்று மண்ணைத் தடுத்து, தண்ணீரை மட்டும் விடும். பயிற்சி எடுத்த உள்ளூர்க்காரர்கள் வரிசை வரிசையாக நடுகிறார்கள், அறுத்த இலையில் கூடையும் பின்னுகிறார்கள். அந்தப் புல்லை அவர்கள் வெட்டிவெர் என்கிறார்கள். தமிழில் இருந்து பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், எத்தனையோ வாய் மாறியும் பெரிதாகத் தேயாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, நம் பானைத் தண்ணீரில் போடும் வெட்டிவேர். சிவ் பாத்திக்கு மேலே ஒரு வரிசை, சாலைக் கரையில் ஒரு வரிசை.